கருவுற்ற காலத்தில் சூலகக் கட்டி: கண்டறிவது எங்ஙனம்?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, பிள்ளைகளெல்லாம் வீடு திரும்பிய பின், நான் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் படித்து, இப்போது பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் பெண்ணொருத்தி தன் மாமியாருடன் வந்து வாசலில் நின்றாள். தலைப்பிள்ளை; ஏழு வாரம். பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அவள் கையிலிருந்த தாளில், வலப்புறச் சூலகத்தில் நான்கரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி காணப்படுகிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது என்று வாய்மொழியாகவும் சொல்லியனுப்பினார்களாம்.

"சார், கட்டின்னா புத்துநோய்தானே?" என்றாள்.

"எங்க பக்கத்துல யாருக்கும் இந்த மாதிரி கிடையாதுங்க சார்" என்று, நான் கேளாத கேள்விக்கு மாமியார் விடை சொன்னார்.

நான் மருத்துவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்றவன். உடனே அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மகப்பேற்று நிபுணரைப் பார்க்குமாறு சொல்லியனுப்பினேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆயினும் அந்தப் பெண்ணின் கேள்வி என்னை விடவில்லை. என்னிடம் படித்து இன்று டாக்டராக இருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பல முறை கேட்டும், அவர் கொடுத்த நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன். நம் வீடுகளில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் வழக்கம் இல்லை. பேசாததனால் விளையும் கேடு சிறிதன்று.

முதற்கண் 'கட்டி' என்னும் சொல்லே நம்மை மருட்டுகிறது. நமக்குச் சீழ் வைத்ததும் கட்டி, தலையில் அடிபட்டு வீங்கியதும் கட்டி, புற்றும் கட்டி. ஸ்கேன் எடுப்பவர் எழுதும் ஆங்கிலச் சொல்லுக்கோ, இருக்க வேண்டிய அளவுக்கு மேலாக அங்கு ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. அது நீர் நிரம்பிய பையாக இருக்கலாம். ரத்தம் கட்டியதாக இருக்கலாம். கொழுப்பாகவோ தசையாகவோ இருக்கலாம். கருவுற்ற தொடக்கத்தில் காணப்படுபவற்றுள் மிகப் பெரும்பாலானவை மெல்லிய சுவருள்ள நீர்ப்பைகளே. 'சூலகத்தில் ஒரு நீர்ப்பை தெரிகிறது' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், அவள் அன்றிரவு தூங்கியிருப்பாள்.

அந்த நீர்ப்பை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டால் அச்சம் பாதி தீரும். பெண்ணின் கருப்பைக்கு இரு புறமும் சூலகங்கள் இரண்டு உள்ளன. மாதந்தோறும் அவற்றுள் ஒன்றில் ஒரு சிறு பை முதிர்ந்து, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அளவானதும் வெடித்து முட்டையை வெளியே விடுகிறது. வெடித்த பை வீணாய்ப் போவதில்லை. அது மஞ்சள் நிறங்கொண்டு ஒரு சுரப்பியாக மாறுகிறது. இதனைக் கார்ப்பஸ் லூட்டியம் என்பர். மஞ்சள் உடல் என்று நாம் சொல்லலாம். இது சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் என்னும் நீரே கருப்பையின் உட்படலத்தைக் கரு தங்குவதற்கேற்ற மெத்தையாக வைத்திருக்கிறது. கரு உண்டாகாவிடில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மஞ்சள் உடல் வாடிவிடும், மாதவிலக்கு வரும். கரு உண்டாகிவிட்டாலோ, நஞ்சுக்கொடி வளர்ந்து அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளும் வரை மஞ்சள் உடல் காவலிருக்கிறது. அவ்வாறு காவலிருக்கும் நாளில் அதனுள் நீரோ சிறிது ரத்தமோ சேர்ந்து நான்கு, ஐந்து சென்டிமீட்டர் வரையும், சிலருக்கு அதற்கு மேலும் பருத்துவிடுவதுண்டு. ஸ்கேனில் 'கட்டி' என்று தெரிவது பெரும்பாலும் இதுதான்.

ஆகவே ஏழாம் வாரத்தில் இதைக் கண்டு அவசரப்பட்டு அறுத்தெடுத்தால் என்ன ஆகும்? 1970களில் ஆர்ப்பாத் சாப்போ என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் இதனை ஆராய்ந்து கண்டார்கள். ஏழாம் வாரத்திற்கு முன் மஞ்சள் உடலை எடுத்துவிட்டால் கரு கலைந்துவிடுகிறது. ஒன்பதாம் வாரத்திற்குப் பின் எடுத்தால் கரு நிலைக்கிறது. இடைப்பட்ட நாட்களில்தான் நஞ்சுக்கொடி பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. வேறு வழியின்றி முன்னதாகவே எடுக்க நேர்ந்தால், புரோஜெஸ்ட்ரோன் மருந்தை வெளியிலிருந்து கொடுத்து ஈடுசெய்கிறார்கள். 'கட்டி' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, தாங்கிக்கொண்டிருக்கும் தூணையே பிடுங்கிவிடக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கேன் செய்துகொள்ளும் பெண்களுள் 100க்கு ஒருவர் முதல் நால்வர் வரை இத்தகைய கட்டி காணப்படுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அவற்றுள் 100க்கு 70க்கும் மேற்பட்டவை நான்காம் ஐந்தாம் மாதத்திற்குள் தாமாகவே சுருங்கி மறைந்துவிடுகின்றன. ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்து, உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே மறையக்கூடியவை. எங்கள் மாணவிக்கும் அவ்வாறே ஆயிற்று. பதின்மூன்றாம் வாரத்தில் பாதியாகச் சுருங்கி, பதினேழாம் வாரத்தில் இருந்த இடம் தெரியாமற் போயிற்று.

ஆனால் எல்லாம் இப்படி முடிந்துவிடுவதில்லை. நிலைத்து நிற்பவை சில உண்டு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது டெர்மாய்டு என்னும் வகை. இதனை அறுத்துப் பார்த்தால் உள்ளே மெழுகு போன்ற கொழுப்பும், மயிர்க் கற்றையும், சில வேளைகளில் பல்லும் இருக்கக் காணலாம். கேட்கும் யாவருக்கும் மெய் சிலிர்க்கும். முன்னாளில் இதைப் பற்றி என்னென்ன கதைகள் கட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. ஏவல் என்றும் வைப்பு என்றும் இன்றும் சொல்வோர் உளர். உண்மை யாதெனில், சூலகத்திலுள்ள முட்டை உயிரணு எந்த உறுப்பாகவும் மாறும் ஆற்றல் உடையது. அது தடம் மாறித் தானே வளரத் தொடங்கும்போது தோலும் மயிரும் பல்லும் தோன்றுகின்றன. இது மிக மெதுவாக வளர்வது; பெரும்பாலும் தீங்கற்றது. பெண்ணுக்குக் கரு உண்டாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இருந்திருக்கும். கருவுக்காக ஸ்கேன் எடுத்தபோது கண்ணில் பட்டது என்பதே நிகழ்ந்தது. மாமியார்மார்கள் இதனை அறிந்துகொள்வது நலம்.

நிலைத்து நிற்பவற்றுள் புற்றாக இருப்பவை 100க்கு ஏறக்குறைய 1 முதல் 6 வரை என்பர். சிறு எண்தான், ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. விட்டுவிட வேண்டியதையும் எடுக்க வேண்டியதையும் பிரித்தறிவதே மருத்துவர் செய்யும் வேலை.

இதைப் பிரித்தறிவது முற்காலத்தில் எவ்வளவு கடினமாயிருந்தது என்பதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று உண்டு. 1809 டிசம்பரில், கெண்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் மாது வயிறு பருத்து வலியால் துடித்துக்கொண்டிருந்தார். பேறுகாலம் தாண்டிவிட்டது, இரட்டைப் பிள்ளையாக இருக்கும் என்று எண்ணி, டான்வில் என்ற ஊரிலிருந்து எஃப்ரேம் மெக்டவல் என்னும் மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் கையால் ஆராய்ந்து, கருப்பையில் பிள்ளை இல்லை. இது சூலகத்தில் வளர்ந்த கட்டி என்று தெளிந்தார். அந்த அம்மையார் அறுபது மைல் தூரம் குதிரைமேல் பயணம் செய்து டான்வில் போய்ச் சேர்ந்தார். மயக்க மருந்து என்பதே வழக்கிற்கு வராத காலம். மெக்டவல் வயிற்றைத் திறந்து, இருபத்திரண்டரை பவுண்டு எடையுள்ள கட்டியை இருபத்தைந்து நிமிடத்தில் எடுத்தார். ஐந்தாம் நாள் அந்த அம்மையார் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தாராம். அதன் பிறகு 1842 வரை வாழ்ந்தார். அம்மாதுக்குப் பிள்ளை என்று எண்ணியது கட்டியாயிற்று. பிள்ளையும் கட்டியும் சேர்ந்தே இருக்கும்போது கையால் தடவிப் பார்த்து எதனை அறிவது? பிள்ளைவலி வந்தும் தலை இறங்காமல் வழியை அடைத்துக்கொள்ளும்போதோ, தாங்க முடியாத வயிற்றுவலி கண்டபோதோதான் கட்டி இருப்பது பல பெண்களுக்குத் தெரியவந்தது.

இந்த இருளை நீக்கிய கருவியின் வரலாறு நம் போன்றோர் மாணவர்களுக்குச் சொல்லத் தகுந்தது. ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயன் டானல்டு. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர்; ராடார் முதலிய எதிரொலிக் கருவிகளை அங்கே அறிந்தவர். இரும்புக் கொதிகலன்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்பதைக் காதுக்குக் கேளா ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியைக் கொண்டு அறியும் முறை ஒன்று தொழிற்சாலைகளில் இருந்தது. உலோகத்தில் இயலுவது உடம்பில் இயலாதா என்று அவர் எண்ணினார். 1955 ஜூலை 21ஆம் நாள், அறுவையில் எடுத்த கருப்பைத் தசைக்கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூ என்னும் இடத்திலுள்ள பாப்காக் அண்டு வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை ஆயத்தமாக வைத்திருந்தார்கள். நீர்க்கட்டியில் ஒலி தடையின்றி ஊடுருவி மறுபுறச் சுவரில் மட்டும் எதிரொலித்தது. தசைக்கட்டியிலோ உள்ளெங்கும் எதிரொலி எழுந்தது. நீர் எது, தசை எது என்பது அறுக்காமலே தெரிந்துவிட்டது!

பின்னர், ஜான் மெக்விக்கார், டாம் பிரௌன் என்பவர்களுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1958 ஜூன் மாதம் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. தீராத வயிற்றுப் புற்று என்று கைவிடப்பட்டிருந்த ஒரு மாதின் வயிற்றில் இருந்தது வெறும் சூலக நீர்க்கட்டியே என்று கருவி காட்டியதும், அதனை எடுத்து அம்மாது நலமடைந்ததும் இம்முறையின் மீது மற்ற டாக்டர்களுக்கு நம்பிக்கையை உண்டாக்கின. இன்று கருவிலுள்ள பிள்ளையின் முகத்தைப் பார்த்து மகிழ்வதற்கென்றே ஸ்கேன் வந்ததாக நாம் நினைக்கிறோம். அது முதலில் பேர் பெற்றது சூலகக் கட்டியைக் கண்டுபிடித்தே என்பது எனக்கே புதுச் செய்தியாக இருந்தது.

இனி, இக்காலத்து டாக்டர் ஸ்கேன் திரையில் எதைப் பார்க்கிறார்? முதன்முதலாக அவர் பார்ப்பது கட்டியை அன்று, கருவை. கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. கருப்பை காலியாக இருந்து, பக்கத்தில் ஒரு கட்டி தெரிந்தால், கரு குழாயிலேயே தங்கிவிட்டதோ என்று ஐயுற வேண்டும். குழாய் வெடித்தால் ரத்தப் பெருக்கால் உயிருக்கே ஆபத்து. இதில் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. கரு உள்ளேயே இருக்கிறது என்று உறுதியான பின்னரே கட்டியின் ஆராய்ச்சி.

கட்டியின் சுவர் மெல்லியதா தடித்ததா, உள்ளே ஒரே அறையா பல அறைகளா, நீர் தெளிவாக உள்ளதா கலங்கியுள்ளதா, உட்சுவரில் காளான்போல முளைத்த பகுதிகள் உண்டா, திடப்பகுதி எவ்வளவு, அதற்குள் ரத்தம் மிகுதியாக ஓடுகிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்பனவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐயோட்டா என்னும் ஆய்வுக் குழு 2008இல் இத்தகைய அடையாளங்களைக் கொண்டு எளிய விதிகள் சிலவற்றை வகுத்து வெளியிட்டது. ஒரே அறையும் தெளிந்த நீரும் நல்ல அடையாளம். ஒழுங்கற்ற திடப்பகுதியும், அதில் பெருகி ஓடும் ரத்தமும் தீய அடையாளம். டெர்மாய்டு தன் கொழுப்பாலும் மயிராலும் தனித் தோற்றம் காட்டுவதால், பழகிய கண்ணுக்கு எளிதில் தெரிந்துவிடுகிறது.

ஆயினும் கர்ப்பம் என்பது பெரிய மாறுவேடக்காரி. கருவுற்ற காலத்தில் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயால் முன்பே உண்டான ரத்தக்கட்டியின் உட்சுவர், கருப்பையின் மெத்தையைப் போலவே தானும் தடித்து முளைவிட்டு, புற்றைப் போலத் தோற்றமளிப்பதுண்டு. லூட்டியோமா என்னும் மற்றொன்று திடக்கட்டியாகவே தெரியும்; சில பெண்களுக்கு முகத்தில் மயிர் வளரவும் குரல் தடிக்கவும் கூடச் செய்யும். பிள்ளை பிறந்ததும் தானாகவே மறைந்துவிடும்! இரட்டைக் கருவுற்ற சிலருக்கு இரு சூலகங்களுமே திராட்சைக் குலை போலப் பருத்துவிடும். இவற்றை அறியாதவர் கத்தியை எடுத்துவிடக்கூடும்.

ரத்தப் பரிசோதனையும் இங்கே முழுத் துணையாவதில்லை. மற்றக் காலத்தில் சூலகப் புற்றை ஐயுறும்போது சி.ஏ. 125 என்னும் பொருளை ரத்தத்தில் அளக்கிறார்கள்; 35 யூனிட்டுக்கு மேற்பட்டால் எச்சரிக்கை. கருவுற்ற முதல் மூன்று மாதங்களிலோ, நோய் ஏதுமின்றியே அது 35ஐத் தாண்டிவிடுகிறது. பிள்ளை பிறந்தவுடனும் ஒரு முறை உயர்கிறது. வேறு சில புற்றுகளுக்கு அடையாளமான ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் கருவின் ஈரலிலேயே உண்டாகித் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. எச்.சி.ஜி. என்பதோ நஞ்சுக்கொடியே சுரப்பது. மூத்திரத்தில் அதைக் கண்டுதான் கர்ப்பம் என்றே சொல்கிறோம். எல்.டி.எச். என்பது மட்டும் இயல்பான கர்ப்பத்தில் பெரிதாக மாறாததால், இளம் பெண்களுக்கு வரும் ஒரு வகைப் புற்றைக் கண்டறிய உதவுகிறது. ஆகவே கையில் ஒரு ரத்தச் சீட்டை வைத்துக்கொண்டு எண் கூடிவிட்டதே என்று கலங்குவதும், சரியாக இருக்கிறதே என்று களிப்பதும் இரண்டும் பிழை.

ஸ்கேனில் தெளிவு பிறக்காவிடில், காந்த அலையால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. முறை உண்டு. அதில் எக்ஸ்-ரே கதிர் இல்லை. கருவுக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. கடோலினியம் என்னும் சாயமருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் போகக்கூடியதால், அதனை இயன்றவரை ஏற்றாமலே படம் எடுக்கிறார்கள். ஊசி குத்தி நீரை உறிஞ்சிப் பார்க்கும் வழக்கத்தைப் பெரும்பாலோர் விரும்புவதில்லை. நீர் மீண்டும் ஊறும். உள்ளே புற்று இருந்தால் சிந்திப் பரவவும் கூடும்.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு ஆபத்து உண்டு. கட்டி உள்ள சூலகம் தன் காம்பின் மேலேயே முறுக்கிக்கொள்வது. கொடியில் தொங்கும் சுரைக்காயைத் திருகியது போலாகிவிடும். ரத்தம் உள்ளே போக வழியின்றிச் சூலகம் கறுத்து அழுகும். ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிகளுக்கும், கருப்பை வேகமாக மேலெழும் மூன்றாம் நான்காம் மாதங்களிலும் இது மிகுதி. என் மாணவராகிய டாக்டர் ஒரு நிகழ்ச்சி சொன்னார். நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு வலப்புற அடிவயிற்றில் திடீரென்று வலி, வாந்தி. வாயுப்பிடிப்பு என்று வீட்டார் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து இரண்டு இரவு கழித்தார்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது சூலகம் கருநாவற்பழம் போலாகிவிட்டிருந்தது, எடுத்துவிட வேண்டியதாயிற்று. பிள்ளை பிழைத்தது. முதல் நாளே வந்திருந்தால் முறுக்கை அவிழ்த்துச் சூலகத்தையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் வருந்தினார். ரத்த ஓட்டம் காட்டும் ஸ்கேன் கூட இதில் சில சமயம் ஏமாற்றிவிடுமாம். அடிவயிற்றின் ஒரு புறத்தில் திடீரென்று எழும் கடும் வலியும் வாந்தியுமே பெரிய சாட்சி. அது குடல்வாலாகவும் இருக்கலாம், அதுவும் காத்திருக்கத்தக்கதன்று.

வலி இல்லாமலே கட்டி நிலைத்து நின்றால் எப்போது எடுப்பது? பதினாறாம் வாரத்தை ஒட்டி மறுபடி ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். அப்போதும் சுருங்காமல் பெரிதாக இருந்தாலோ, தீய அடையாளம் காட்டினாலோ, அறுவையைப் பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் மாதங்களில் வைத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் உடலின் காவல் அதற்குள் முடிந்துவிடும். மறைய வேண்டியவை மறைந்திருக்கும். கருப்பையும் கைக்கு இடம் விடாத அளவு பெருத்திருக்காது. இப்போது சிறு துளைகள் வழியாகவே இதனைச் செய்ய இயலுகிறது.

இங்கு நம் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் கழியும் வரை வெளியில் சொல்லலாகாது, கண்படும் என்று நம் பெண்கள் கருவுற்ற செய்தியை மறைக்கிறார்கள். ஊருக்கு மறைப்பதில் எனக்கு மாறுபாடில்லை. கிளினிக்குக்கும் மறைத்துவிடுவதுதான் வினை. பன்னிரண்டாம் வாரத்திற்கு முன்பே போய்ப் பதிந்து இளஞ்சிவப்புப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுமாறு நம் நாட்டுத் தாய்சேய் நலத் தாதியர் சொல்வதற்குப் பல காரணங்கள் உண்டு. சூலகத்தைப் பார்ப்பதற்கும் அதுவே ஏற்ற காலம். பிறகு கருப்பை வளர்ந்து சூலகங்களை மேலே தள்ளி மறைத்துவிடும். ஐந்தாம் மாதத்தில் முதன்முதலாகப் போனால், அங்கு ஒரு கட்டி இருப்பதே தெரியாமற் போகலாம். தெரிந்தாலும், அது புதிதா பழையதா, வளர்கிறதா சுருங்குகிறதா என்று ஒப்பிட முன்னைய அளவு ஒன்று இராது.

கட்டியோடேயே பிள்ளை பெறுவோரும் உண்டு. பெரும்பாலோர் இயல்பாகவே பெறுகிறார்கள். வேறு காரணத்திற்காக வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்க நேர்ந்தால், டாக்டர் அப்போதே இரு சூலகங்களையும் பார்த்து, வேண்டுமாயின் கட்டியையும் எடுத்துவிடுவார். இயல்பாகப் பெற்றவர் பிள்ளைப்பேறு முடிந்ததோடு கட்டியை மறந்துவிடலாகாது. கருப்பை திடீரென்று சுருங்கும் அந்த நாட்களிலும் சூலகம் முறுக்கிக்கொள்வதுண்டு. அப்போது எழும் வலியை நம்மவர் பச்சை உடம்பு வலி என்று தள்ளிவிடுகிறார்கள். ஆறாம் வாரத்தில் கிளினிக்குக்குப் போகும் தாய், தன் புத்தகத்தில் எழுதியிருக்கும் கட்டியை நினைவூட்டி, அது இன்னும் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் கேட்டுப் பெற வேண்டும்.